மூடுபனியில் மோதிய வண்டி: நஷ்டம் யாரைச் சாரும்?

தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்களை அடக்கி வைத்திருக்கிறோம். புல்நுனியில் திரளும் துளியும் பனி; இமயச் சிகரத்தில் உறைந்து கிடப்பதும் பனி; விடியற்காலையில் எதிர்வீட்டை மறைத்து நிற்கும் மூட்டமும் பனி. வடநாட்டார்க்கு இவை மூன்றும் வெவ்வேறு. முதலாவது ஓஸ், இரண்டாவது பர்ஃப், மூன்றாவது கோஹ்ரா. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இவ்வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்படுவது. ஆனால் தில்லியிலும் கான்பூரிலும் லூதியானாவிலும் குடியேறி, சொந்தமாக ஒரு மோட்டார் வண்டியும் வாங்கிவிட்ட தமிழ் நேயர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மார்கழி, தை மாதங்களில் அவர்களுடைய வண்டியையும் சேமிப்பையும் ஒருசேர நொறுக்கக்கூடியது இந்தக் கோஹ்ராவே.

நம் ஊரில் மழைக்கு அஞ்சி வண்டியை நிறுத்தியிருப்போம். பனிக்கு அஞ்சி நிறுத்திய பழக்கம் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆதலால் மூடுபனியில் ஒரு வண்டி மற்றொன்றின்மீது மோதிவிட்டால், "கண் தெரியவில்லை, நான் என்ன செய்ய முடியும்?" என்ற விடையே முதலில் நாவில் எழுகிறது. சட்டத்தின்முன் அந்த விடை செல்லுமா? உயிருக்கு ஒன்றும் நேராமல், வண்டியும் பொருளும் மட்டும் சேதமுற்றால் அந்தச் சேதத்திற்கு யார் ஈடு செய்ய வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் மூடுபனியின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். குளிர்காலத்தில் மேற்றிசையிலிருந்து வரும் காற்றுச் சலனம் வடமாநிலங்களில் சிறு மழையைப் பெய்வித்து நகர்ந்துவிடுகிறது. மண்ணில் ஈரம் தங்கிவிடுகிறது. பின்னர் வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய நீண்ட இரவுகளில் தரை தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதனை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து, அதன் ஈரம் நுண்துளிகளாகி மிதக்கத் தொடங்குகிறது. கங்கைச் சமவெளி எங்கும் புகையும் தூசியும் கலந்து நிற்பதால் அத்துளிகள் எளிதில் திரள்கின்றன. வெயில் ஏறும்வரை கலைவதில்லை. பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குக் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் இந்திய வானிலைத் துறை வகுத்துள்ளது. இது ஊர் முழுதும் ஒரே சீராக இருப்பதுமில்லை. நகரத்துக்குள் நூறு மீட்டர் தெரியும் அதே வேளையில், கால்வாய்க் கரையிலும் வயல்வெளியிலும் வெண்சுவர் எழுப்பினாற்போல் திடீரென்று எதிர்ப்படும்.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென உணர்ந்து, கால் பிரேக்கின்மீது அழுந்துவதற்கு ஒரு விநாடிக்குமேல் ஆகிவிடும். அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு வண்டி நிற்பதற்கு, உலர்ந்த சாலையாயின் 35 மீட்டருக்குமேல் வேண்டும். பனித்துளி படிந்து நனைந்த சாலையாயின் 60 மீட்டர் அளவும் ஆகலாம். ஆக, மொத்தம் 60 முதல் 85 மீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ 50 மீட்டர்! இவ்வேகத்தில் செல்பவர் எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராயினும், தமக்கு முன்னே நிற்கும் பொருளின்மீது மோதியே தீர்வார். அவர் அதை இன்னும் காணவில்லை என்பதுதான் அவருடைய மன நிம்மதிக்குக் காரணம். வேகத்தை 40 ஆகக் குறைத்துக்கொண்டால் நனைந்த சாலையிலும் 30 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும்.

சட்டம் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. சாலை விபத்தில் நஷ்டஈட்டுப் பொறுப்புக்கு அடிப்படை கவனக்குறைவு. வடநாட்டுக் காவல் நிலையங்களில் இதனை 'லாபர்வாஹி' என்பர். அச்சொல் அசட்டை, பொறுப்பின்மை என்னும் பொருளைத் தருவதால், "நான் அசட்டையாக ஓட்டவில்லையே" என்று நம்மவர் வாதாடத் தொடங்கிவிடுகின்றனர். சட்டம் கருதும் கவனக்குறைவு மனத்தின் நிலையைப் பற்றியதன்று. அந்தச் சூழ்நிலையில் ஒரு விவேகமுள்ள ஓட்டுநர் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருப்பாரோ அவ்வளவு எச்சரிக்கை இருந்ததா என்பதே கேள்வி. இரு கைகளாலும் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல், கடவுளையும் வேண்டிக்கொண்டு, ஐம்பது மீட்டர் தெரியும் இடத்தில் எண்பதில் சென்றவர் சட்டப்படி கவனக்குறைவுடையவரே.

தவிர்க்கவொண்ணாத விபத்து என்னும் எதிர்வாதம் ஒன்று உண்டு. தெய்வச் செயல் என்னும் எதிர்வாதமும் உண்டு. முன்கூட்டி எதிர்பார்க்கவும், தக்க எச்சரிக்கையால் விலக்கவும் முடியாதவற்றுக்கே இவை பொருந்தும். மூடுபனியோ ஆண்டுதோறும் தவறாமல் வருவது. வருமுன் வானொலியிலும் அறிவிக்கப்படுவது. எதிரில் தெரிந்துகொண்டே இருப்பது. ஆகவே அது பொறுப்பை நீக்குவதில்லை, கூட்டுகிறது. ஓட்டிச் செல்லத் தகாத அளவு அடர்ந்திருந்தால், ஓரமாகப் பெட்ரோல் நிலையத்திலோ உணவு விடுதியிலோ ஒதுங்கி நிற்பதும் அந்த எச்சரிக்கையில் அடங்கும்.

வேக வரம்புக்குள் சென்றேன் என்பதும் முழு விடையாகாது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் யமுனை விரைவுச்சாலையில், கார்களுக்குரிய 100 கிலோமீட்டர் வரம்பை அண்மைக் குளிர்காலங்களில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை 75 ஆகக் குறைத்து வந்துள்ளனர். அந்த வரம்பை மீறினால் அதுவே எதிர்த்தரப்பினருக்குச் சான்றாகிவிடும். மீறாவிட்டாலும், முப்பது மீட்டர் தெரியுமிடத்தில் 75 மிகை என்று தீர்ப்பளிக்க நீதிபதிக்குத் தடையில்லை. பலகையில் எழுதியிருப்பது உச்ச அளவேயன்றி உத்தரவாதம் அன்று.

மூடுபனி விபத்துகளில் பெரும்பாலானவை, பின்வந்த வண்டி முன்சென்ற வண்டியின்மீது மோதுவன. முன்னுள்ள வண்டி திடீரென்று நின்றாலும் மோதாமல் நிறுத்தத்தக்க இடைவெளி விட்டே பின்வருபவர் ஓட்டவேண்டும் என்பது நெடுங்காலமாகச் சாலை விதிகளில் உள்ளது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இடம் பெற்றுள்ளது. 2018 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில், லாரியை மிக நெருங்கிப் பின்தொடர்ந்து சென்று மோதிய காரின் ஓட்டுநரே தவறுடையவர் என்று இவ்விதியைக் காட்டித் தீர்ப்பளித்தது. ஆகவே பின்னிருந்து மோதியவர் பணம் கொடுக்கவேண்டும் என்று சாலையோரத்தில் கூடிய மக்கள் சொல்வது பெரும்பாலும் சட்டத்தோடு ஒத்ததே.

ஆனால் எப்பொழுதும் அன்று. இங்கேதான் நம்மவர் பலர் கொடுக்கவேண்டாத பணத்தைக் கொடுத்துவிட்டு வருகின்றனர்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலம் கரும்பு ஆலைகளின் பருவமாகும். முசாஃபர்நகர், மீரட் வட்டாரச் சாலைகளில், தன் அகலத்தைவிட இரு பங்கு கரும்பைச் சுமந்துகொண்டு டிராக்டர் வண்டிகள் இரவும் பகலும் ஊர்ந்து செல்லும். பின்விளக்கு இருப்பது அரிது. இருந்தாலும் கரும்புத் தோகை அதனை மூடியிருக்கும். சக்கரம் பழுதானால் அந்த வண்டி நடுச்சாலையிலேயே இரவைக் கழிக்கும். பின்புறம் இரண்டு கற்களை வைப்பதே எச்சரிக்கை! இதன்மீது நீங்கள் மோதினால் பின்னிருந்து மோதியவர் என்ற ஒரே காரணத்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையதாகிவிடுமா?

ஆகாது. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் நிலையில் எந்த வண்டியையும் பொதுச் சாலையில் நிற்க விடலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு விதிக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், இரவு வேளையில் விளக்கின்றி நடுச்சாலையில் நிறுத்தப்பட்ட எரிவாயு டாங்கர்மீது ஒரு கார் மோதியிருந்தது. கார் ஓட்டியவரும் பார்த்திருக்கவேண்டும் எனக் கூறி உயர்நீதிமன்றம் பொறுப்பைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்திருந்தது. உச்சநீதிமன்றம் அதனை ஏற்காமல், டாங்கரின் ஓட்டுநரே முழுப் பொறுப்புடையவர் என்ற தீர்ப்பாயத்தின் முடிவை நிலைநிறுத்தியது. 2024 செப்டம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பும் இவ்வழியே சென்றது: நெடுஞ்சாலை நடுவே விளக்கும் எச்சரிக்கையும் இன்றி விடப்பட்ட லாரியின்மீது மோதிய காருக்குப் பாதிப் பொறுப்பைச் சுமத்தியது தவறு என்று நீதிமன்றம் கூறிற்று. இவை உயிரிழப்பும் காயமும் பற்றிய வழக்குகளாயினும், தவறு யாருடையது என்னும் ஆராய்ச்சி பொருட்சேதத்துக்கும் ஒன்றே.

நகரும் வண்டியாயினும் முன்செல்பவருக்குக் கடமை உண்டு. கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நடந்த விபத்தொன்று நேயர்கள் நினைவில் வைக்கத் தக்கது. முன்னே சென்ற கார், உள்ளிருந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் கண்டதென்று நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பின்றித் திடீரென நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மாணவர் அதன்மீது மோதி விழுந்தார். அவருக்குப் பின்வந்த பஸ் அவர் காலின்மீது ஏறிவிட்டது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் பொறுப்பை இவ்வாறு பங்கிட்டது: காரோட்டிக்கு 50 விழுக்காடு, பஸ் ஓட்டுநருக்கு 30, இடைவெளி விடாமல் சென்ற மாணவருக்கே 20. இது பனியில் நிகழ்ந்ததன்று. எனினும் மூடுபனியைக் கண்டவுடன் மருண்டு நடுச்சாலையில் பிரேக்கை அழுத்துவோர் இத்தீர்ப்பைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு மூலை விளக்குகளையும் மின்னவிட்டுக்கொண்டே ஓட்டுவதும் நல்லதன்று. நிற்பது எது, செல்வது எது என்று பின்வருபவர் அறிய முடியாமற் போகும். அவ்விளக்கு நின்ற வண்டிக்கு உரியது.

ஆகவே மோதிய பிறகு பார்க்கவேண்டியவை: முன்வண்டி நின்றதா, ஓடிற்றா? பின்விளக்கு எரிந்ததா? எச்சரிக்கை முக்கோணம் வைத்திருந்ததா? சாலையில் இருந்ததா, ஓரத்தில் இருந்ததா? இவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. வெயில் ஏறியபின் அந்த டிராக்டரும் இராது, கற்களும் இரா.

அடுத்தது, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வண்டிகள் மோதிக்கொள்ளும் தொடர் விபத்து. 2017 நவம்பர் 8-ஆம் நாள் யமுனை விரைவுச்சாலையில் புகைப்பனிக்கிடையே கார்கள் மோதிக் குவிந்த காட்சி நாடெங்கும் திரையில் காட்டப்பட்டது. இதில் பொறுப்பைப் பிரிப்பது எப்படி? மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். முதற்கார் நின்றது. இரண்டாவது கார் மோதாமல் சரியாக நின்றுவிட்டது. மூன்றாவது கார் விரைந்து வந்து இரண்டாவதைத் தாக்க, அது முதற்காரின்மீது தள்ளப்பட்டது. இரு கார்களின் சேதத்துக்கும் மூன்றாமவரே பொறுப்பு. மாறாக, இரண்டாமவர் முன்பே முதற்காரின்மீது மோதிவிட்டு, பிறகு மூன்றாமவரால் தாக்கப்பட்டிருந்தால், முதற்காரின் சேதத்தில் இரண்டாமவருக்கும் பங்கு உண்டு. இதைக் கண்டறிய ஒரு எளிய வழி, முதற்காரில் இருந்தவர் எத்தனை அதிர்ச்சிகளை உணர்ந்தார் என்று கேட்பது. ஒரே இடியாயின் இரண்டாமவர் பிழைத்தார். இரண்டு இடிகளாயின் பிழைக்கவில்லை. இச்சாட்சியம் அங்கேயே எழுதிக்கொள்ளத் தக்கது. ஆறு மாதம் கழித்து எவருக்கும் நினைவிராது.

இருவர் தவற்றால் மூன்றாமவர் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தால், அவர் அவ்விருவரில் எவரிடமிருந்தும் முழு நஷ்டஈட்டையும் பெறலாம். பிறகு அவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளவேண்டியதே என்று 2015-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆதலின் தவறில்லாமல் நடுவில் அகப்பட்டவர், எதிரிகள் இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி இழுத்தடிப்பதற்குச் செவி சாய்க்க வேண்டியதில்லை. ஆனால் நஷ்டப்பட்டவர் பக்கத்திலும் தவறு இருந்தால், அந்த விழுக்காடு அவருடைய தொகையிலிருந்து கழியும்.

மலைப்பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறைக்குச் சிம்லாவுக்கும் மணாலிக்கும் காரிலேயே சென்றுவரும் வழக்கம் நம்மவரிடையே பெருகியுள்ளது. 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கத்தின் இரு வாயில்களிலும் குளிர்காலத்தில் கார்கள் சறுக்கி ஒன்றையொன்று உராய்வது அடிக்கடி நிகழ்கிறது. சாலைமீது கண்ணாடிபோல் உறைந்த படலத்தில் பிரேக் பயனற்றது. வழுக்கிவிட்டது என்பது மட்டும் விடையாகாது. மெதுவாகச் சென்றாரா, சக்கரம் தேய்ந்திருந்ததா, சங்கிலி பூட்டினாரா, நாற்சக்கர இயக்கமுள்ள வண்டிகள் மட்டும் செல்லலாம் என்று காவலர் தடுத்ததை மீறினாரா என்றெல்லாம் கேட்கப்படும். இவை அனைத்திலும் சரியாக நடந்துகொண்டும், வளைவில் கண்ணுக்குப் புலப்படாத உறைபனியில் சறுக்கியவருக்கு, தவிர்க்கவொண்ணாத விபத்து என்ற வாதம் ஒருவேளை துணை நிற்கலாம். சமவெளி மூடுபனியில் அதற்கு இடம் மிகக் குறைவு.

இனி, 'பொருள்' என்று சட்டம் எதைச் சொல்கிறது? வண்டிகளும் அவற்றில் ஏற்றிய சரக்கும் மட்டும் அல்ல. சாலை, பாலம், மதகு, மரம், கம்பம், மைல்கல் ஆகியவையும் பொருளில் அடங்கும் என்றும், மூன்றாம் தரப்பினர் என்பதில் அரசாங்கமும் அடங்கும் என்றும் சட்டமே விளக்குகிறது. மூடுபனியில் நடுத்திட்டின் இரும்பு வேலியை வளைத்துவிட்டு, மனிதர் எவருக்கும் தீங்கில்லை என்று மகிழ்ந்து வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களில் பணம் கேட்டுக் கடிதம் வரக்கூடும். விளக்குக் கம்பமும் சுங்கச் சாவடித் தடுப்பும் அவ்வாறே. ஒருவருடைய எருமையோ மாடோ அடிபட்டால் அதுவும் பொருட்சேதமே. எருமையின் விலையைக் கேட்டால் சில கார்களின் பழுதுச் செலவு சிறிதாகத் தோன்றும்.

பொறுப்பு முதற்கண் ஓட்டியவரைச் சாரும். அவர் கூலிக்கு ஓட்டியவராயின் வண்டியின் உடைமையாளரையும் சாரும். இவர்கள் இருவருக்கும் பின்னால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நின்று பணத்தைக் கொடுக்கிறது. நண்பர் கேட்டாரென்று விடியற்காலை ரயில் நிலையத்திற்குச் சாவியைக் கொடுத்தனுப்புபவர், தாம் படுக்கையில் இருந்ததால் தமக்குத் தொடர்பில்லை என்று எண்ணவேண்டாம். வழக்கு மனுவில் அவர் பெயரும் இருக்கும். வாடகைக் காரில் பயணம் செய்பவர்க்கு மட்டும் இக்கவலை இல்லை.

பாலிசியை எடுத்து ஒரு முறை படித்துப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். பெரும்பாலோர் அதன் முதற்பக்கத்தில் உள்ள பிரீமியத் தொகையைத் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை. சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புப் பாலிசி ஒன்றையே. அது நீங்கள் பிறருக்கு விளைத்த நஷ்டத்தை மட்டும் ஈடு செய்யும். உங்கள் வண்டியின் நசுங்கிய முகப்புக்கு அதிலிருந்து ஒரு காசும் கிடையாது. பிறர் பொருட்சேதத்துக்கும் வரம்பு உண்டு. கார்ப் பாலிசிகளில் அது வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய். இருசக்கர வண்டிகளில் 1 லட்சம். ஆனால் பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்துவதற்காக அந்த வரம்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் ஏற்பாடும் பாலிசிகளில் உண்டு. 6,000 என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் குறித்த தொகை. இன்று அத்தொகைக்குப் புதிய காரின் ஒரு முகப்பு விளக்குக்கூடக் கிடைப்பது அரிது. வரம்புக்கு மேற்பட்டதை உடைமையாளரும் ஓட்டுநரும் தம் கையிலிருந்தே கொடுக்கவேண்டும். பாலிசி காலாவதியாகியிருந்தால் முழுத் தொகையும் அவர்கள் தலையில். சென்னையில் எடுத்த பாலிசி தில்லியில் செல்லுமோ என்று ஐயுற வேண்டியதில்லை. இந்தியா முழுவதும் செல்லும்.

விபத்து நேர்ந்த இடத்திற்கு வருவோம். மூடுபனியில் வண்டியை விட்டு இறங்கி நடுச்சாலையில் நின்று வாதாடுவது உயிருக்கே ஆபத்து. அடுத்து வரும் லாரிக்கும் கண் தெரியாது. நடக்கக்கூடியவர் அனைவரும் முதலில் சாலைக்கு வெளியே செல்லவேண்டும். பின்னர்ச் சட்டம் விதித்த கடமைகள். பாதிக்கப்பட்டவர் தம் பெயர், முகவரியைக் கூறி உங்களுடையதைக் கேட்டால், உங்கள் பெயர், முகவரியும் வண்டியின் உடைமையாளர் பெயர், முகவரியும் சொல்லவேண்டும். பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தாலே போதும், ஒருவருக்கும் காயமில்லாவிடினும், அருகில் காவலர் இல்லையெனில் அண்மைக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இவை 132, 134-ஆம் பிரிவுகளில் உள்ளவை. காயமுற்றோருக்கு உதவும் கடமையைக் கூறுமிடத்தில், கூட்டத்தினரின் சீற்றத்தால் இயலாமற் போனாலன்றி என்று சட்டமியற்றியவர்கள் சேர்த்திருக்கின்றனர். நம் நாட்டுச் சாலைகளை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பதற்கு அந்த ஒரு தொடரே சான்று.

பொருட்சேதம் மட்டும் நேர்ந்தால் சிறை செல்ல நேருமோ என்ற அச்சம் பலரைப் பணம் கொடுக்கவோ ஓடவோ தூண்டுகிறது. பிறர் சொத்துக்கு வேண்டுமென்றோ அறிந்தோ கேடு விளைப்பது 2023-ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதையில் குற்றம். கவனக்குறைவால் நேர்ந்த சேதம் அக்குற்றமாகாது. ஆபத்தான முறையில் வேகமாக ஓட்டியதற்கு வேறு பிரிவில் வழக்குத் தொடரலாம் என்பது உண்மை. ஆனால் நின்று தகவல் கொடுத்தவரைவிட ஓடிப்போனவர் நிலைமைதான் கடினம்.

காவல் நிலையத்தில் நீங்கள் கேட்கப்போகும் சொற்களில் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். உத்தரப் பிரதேசத்தில் 'தஹ்ரீர்' என்றால் நீங்கள் எழுதித் தரும் முறையீடு. 'ரோஜ்நாம்சா' என்றால் நிலையத்தின் நாட்குறிப்பு. உங்கள் தகவல் அதில் பதிந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் தீர்ப்பாயத்துக்கும் அது பயன்படும். மூன்றாவது சொல்லில்தான் தமிழர் ஏமாறுகின்றனர். 'ராஜீநாமா'வில் கையெழுத்திடுங்கள் என்று சொல்லி ஒரு தாளை நீட்டுவர். நம் ஊரில் ராஜிநாமா என்றால் வேலையை விட்டு விலகுவது. மோதியதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று குழம்பி, ஏதோ அலுவலகச் சடங்கு என எண்ணிக் கையெழுத்திட்டுவிடுவோரும் உளர். அங்கே அச்சொல்லின் பொருள் சமரச ஒப்பந்தம். இரு தரப்பினரும் உடன்பட்டோம், இனி எவர்மீதும் வழக்கோ கோரிக்கையோ இல்லை என்பதே அத்தாளின் சாரம். ஐயாயிரம் ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு அதில் கையெழுத்திட்டவர், பட்டறைக்காரர் அறுபதாயிரம் என்று சொல்லும்போது எதிரியிடம் திரும்பிச் செல்ல வழியில்லை. அவருடைய சொந்த இன்ஷூரன்ஸ் நிறுவனமும் எங்களைக் கேளாமல் எப்படி விட்டுக்கொடுத்தீர்கள் என்று தடை சொல்லும். சமரசம் கூடாதென்பதில்லை. சிறு சேதமாயின் அதுவே நல்லது. ஆனால் படிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள தாளை ஒருவரைக்கொண்டு படிப்பித்து, தொகையை எழுத்திலும் எண்ணிலும் கண்டபின்னரே கையெழுத்திட வேண்டும்.

வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிப் பிரித்துப்போடுமுன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அதைப் பார்க்கவேண்டும். பழுது பார்த்த செலவு, இழுத்துச் சென்ற கூலி ஆகியவற்றின் ரசீதுகளைச் சேர்த்து வைக்கவேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டியாயின் ஓடாத நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம். சொந்தச் சேதத்தையும் தழுவிய முழுப் பாலிசி உடையவர், தம் நிறுவனத்திடமே முதலில் பணம் பெற்றுக்கொள்வது எளிது. அது கொடுக்காமல் பிடித்துக்கொண்ட தொகையைத் தவறு செய்தவரிடம் கோரலாம். ஒரே செலவை இருவரிடமும் பெறுதல் மட்டும் இயலாது.

எதிர்த்தரப்பினர் இணங்காவிடில் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடவேண்டும். அது உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டும் உரியது என்ற எண்ணம் தவறு. மூன்றாம் தரப்பினரின் பொருட்சேதமும் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதே. சேதம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால், விரும்பினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லவும் சட்டம் இடம் தருகிறது. பிற மாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிதும் உதவும் ஏற்பாடு ஒன்று உள்ளது: விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுச் செய்யவேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலோ தொழில் நடத்தும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். மதுராவுக்கு அருகே மோதுண்ட கார் தில்லிவாசியினுடையதாயின் அவர் தில்லியிலேயே மனுச் செய்யலாம். வாய்தாவுக்கு வாய்தா மதுராவுக்குப் பயணம் செய்யவேண்டியதில்லை. காலக்கெடுவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். இதனை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன; அவற்றை நம்பித் தாமதிப்பது விவேகமன்று. ஜனவரியில் மோதிய வண்டிக்கு ஜூலைக்குள் மனு போய்ச்சேர வேண்டும்.

மோதிய வண்டி பனிக்குள் மறைந்து, எண்ணும் தெரியாமற் போனால்? மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் இறந்தோர்க்கும் கொடுங்காயமுற்றோர்க்கும் அரசாங்கத் திட்டத்தின்கீழ் முறையே 2 லட்சமும் 50,000 ரூபாயும் கிடைக்கும். பொருட்சேதத்துக்கு அத்திட்டத்தில் இடமில்லை. சொந்தச் சேதத்தைத் தழுவிய பாலிசி இருந்தால் அது ஒன்றே அந்த நஷ்டத்தை ஏற்கும்; மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவர் பழுதுச் செலவு முழுவதையும் தாமே ஏற்கவேண்டியிருக்கும்.